நுரைக் குளிர்காபி

காபியையோ பாலையோ அடித்துக் காற்றேற்றிக் குளிரக் குடிக்கும் பானங்களின் பொதுப்பெயர். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளில் காபி விளைகிறது. நுரைக் குளிர்காபியோ வெளியூர்ப் பொடியோடு வந்து சேர்ந்தது.

பாபா புதன் 17ஆம் நூற்றாண்டில் ஏழு விதைகளைச் சிக்கமகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபுச் செய்தி. நெல்லியாம்பதியிலும் பீருமேட்டிலும் 19ஆம் நூற்றாண்டில் காபித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் தென்னிந்தியாவையும் தாக்கியது. மூணாறு மலைகள் தேயிலைக்கு மாறின.

இப்பகுதியின் பழைய நுரை சூடானது. கல்பாத்தி அக்ரகாரத்திலும் எல்லையோரக் கடைகளிலும் டவராவுக்கும் தம்ளருக்கும் இடையே உயரத் தூக்கி ஆற்றும்போது எழுவது அது. உதட்டில் ஒட்டும் அந்த நுரை பெரும்பாலும் பாலின் புரதத்தால் ஆனது. டிகாக்ஷன் தருவது நிறமும் மணமும்.

குளிர் நுரைக்கு வழிசெய்தது இன்ஸ்டன்ட் காபி. நெஸ்கஃபே 1938இல் சுவிட்சர்லாந்தில் அறிமுகமானது. 1957இல் கிரேக்கத்தின் தெசலோனிகி பொருட்காட்சியில் வெந்நீர் கிடைக்காத டிமிட்ரிஸ் வகோண்டியோஸ் என்பவர், பொடியைத் தண்ணீரோடு குலுக்கிக் குடித்ததில் ஃப்ராப்பே என்னும் நுரைக் குளிர்காபி பிறந்ததாகச் சொல்வர். வட இந்திய வீடுகளில் பொடியையும் சர்க்கரையையும் கரண்டியால் அடிக்கும் வழக்கம் உண்டு. இவற்றுள் எது முந்தியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

வீட்டு முறையில் பொடி, சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு. இரண்டிரண்டு கரண்டி போதும். முதலில் கருந்தேன் போலிருக்கும் கலவை, அடிக்க அடிக்க வெளுத்து, கரண்டியைத் தூக்கினால் முனை மடங்கி நிற்கும் பதத்துக்கு வரும். குளிர்ந்த பாலின் மேல் அதை இடுவர். நுரையைக் கெடுக்கும் எண்ணெய்ப்பசை இன்ஸ்டன்ட் பொடியில் குறைவு. காற்றுக்குமிழைப் புரதங்களும் பாலிசாக்கரைடுகளும் போர்த்திக் காக்கின்றன, சர்க்கரை கலவையை இறுக்குகிறது. ஃபில்டர் டிகாக்ஷன் நீர்த்தது, எண்ணெயும் கலந்தது. எவ்வளவு அடித்தாலும் அந்தப் பதம் வராது. டிகாக்ஷனை விட மனமில்லாதவர்களுக்கு, அதை ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பாலோடு மிக்ஸியில் ஓட்டுவதே வழி. கொழுப்புள்ள பால் அறை வெப்பத்தில் சரியாக நுரைக்காது.

2020 ஊரடங்கில் இன்ஸ்டன்ட் பொடியை அடித்துச் செய்யும் கலவை 'டல்கோனா காபி' என்ற கொரியப் பெயரோடு உலகெங்கும் பரவியது.