மயிலாப்பூர்ப் பத்தாயத்தின் அந்து

வண்ணத்துப்பூச்சி நீங்கலான செதிலிறகுப் பூச்சிகள் அனைத்தும் இன்று அந்துப்பூச்சி என வழங்கினாலும், அந்து என்ற சொல் முதலில் சுட்டியது சேமித்த தானியத்தில் விழும் சிறு பூச்சியைத்தான். கிராமத்து நிலத்திலிருந்து நெல் வந்திறங்கிய பழைய மயிலாப்பூர் வீடுகளில் நெல்லைக் காயவைத்து, நொச்சித்தழை இட்டுப் பத்தாயத்தில் மூடியது இதற்கு அஞ்சியே.

அந்த நெல் அந்து வைக்கோல் நிறமுடையது. இறக்கை விரித்தால் ஒன்றரைச் சென்டிமீட்டர் அளவே இருக்கும். முட்டையிலிருந்து வரும் புழு ஒரே நெல்மணிக்குள் புகுந்து, உள்ளிருக்கும் அரிசியைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகும் முன் வட்டமாக ஒரு வாயிலை அரித்து, மெல்லிய தோலை மட்டும் அதற்கு மூடியாக விட்டுவைக்கிறது. பிரான்சின் அங்குமுவாப் பகுதியில் கோதுமையை இது அழித்ததை 1760-இல் துஹாமெலும் தீயேவும் ஆராய்ந்தனர். 1789-இல் ஒலிவியே இதற்கு அறிவியல் பெயரிட்டார்.

பத்தாயம் போய் ஆலையில் அரைத்த அரிசியும் ரவையும் வீட்டுக்கு வந்தபோது அந்தும் மாறியது. 1866-இல் ஸ்டெயின்டன் பெயரிட்ட அரிசி அந்தின் புழு மணிக்குள் நுழைவதில்லை. குருணையையும் மாவையும் பட்டிழையால் பின்னி, அந்தப் பின்னலுக்குள் இருந்தபடி தின்கிறது. தியாகராய நகர்ச் சமையலறையில் நாள்பட்ட ரவை நூலோடிக் கட்டிதட்டுவது இதனால்தான்.

இரண்டையும் அந்து என்றே அழைத்த வீட்டு வழக்கு, தின்னும் பொருளை வைத்துச் செய்த வகைப்பாடு. அதைப் பிழை எனத் தள்ளுவதற்கில்லை. அறிவியலோ உடலமைப்பைப் பார்த்தது. கூரிய விரல்போல நீண்ட பின்னிறக்கை நுனியுடைய நெல் அந்து கெலிக்கிடே குடும்பத்திலும், வயிற்றின் அடியில் இரு செவிகளுடைய அரிசி அந்து பைராலிடே குடும்பத்திலும் அடங்கின. இரண்டையும் நுண்செதிலிறகிகள் என ஒன்றாகச் சேர்ப்பது வசதிக்கான ஏற்பாடே அன்றி உறவுமுறை ஆகாது.

சென்னை மாகாணப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலைச் சென்னை அரசு அச்சகம் 1914-இல் வெளியிட்டது. அவர் இந்தியாவில் திரட்டிய சிறு அந்துகள் பலவற்றுக்குப் பெயரிட்ட எட்வர்ட் மேரிக், இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர். வகைப்பாட்டுக்கு இறக்கை நரம்புகளையே பெரிதும் நம்பி, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராய அவர் மறுத்த பிடிவாதம் பின்வந்தோருக்கு நிறைய வேலை வைத்தது.

இன்றோ ஆய்வுக்கூடங்களில் உடைத்த கம்புத் தானியத்தில் அரிசி அந்தை வேண்டுமென்றே வளர்த்து, அதன் முட்டைகளில் டிரைக்கோகிரம்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் பெருக்கி, அந்த முட்டைகள் ஒட்டிய அட்டைகளைத் தண்டுத்துளைப்பானுக்கு எதிராகக் கரும்புத் தோட்டங்களில் கட்டுகிறார்கள்.