தண்ணீர்மலையில் மூழ்காமல் தப்பிய தோட்டம்



பினாங்கு என்றாலே நம் வட பேராக் தோட்டப்புற மக்களுக்குத் தைப்பூசமும் தண்ணீர்மலையும்தான் முதலில் நினைவுக்கு வரும். 'தண்ணீர்மலை என்னும் பெயரில் வரும் தண்ணீர் எது?' என்று ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை கேட்டேன். 'தண்ணீர்ப் பந்தலில் கொடுக்கும் தண்ணீர், ஐயா!' என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஆனால் சரியான விடையைச் சொல்ல அங்கு எவரும் இல்லை.

விடை, பினாங்குத் தாவரவியல் பூங்காவின் பின்புறம் உள்ள அருவி. ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கும் நீர், சுங்கை ஆயர் தெர்ஜுன் என்னும் ஓடையாகிப் பூங்காவின் நடுவே ஓடுகிறது. பின்னர் ஆயர் ஈத்தாம் ஆற்றுடன் கலந்து பினாங்கு ஆறாகிக் கடலை அடைகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வருவி நீரைச் செங்கற் கால்வாய் வழியாக ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டு வந்தனர். 1892-இல் மெக்ரிட்சி என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி அருவியின் அருகே நீர்த்தேக்கம் ஒன்றும் எழுந்தது. சிங்கப்பூரில் இன்றும் ஒரு நீர்த்தேக்கத்திற்கு இவர் பெயர் வழங்குகிறது.

2017 நவம்பர் 4-ஆம் நாள் இரவு இந்த ஓடையின் வேறொரு முகத்தைப் பினாங்கு கண்டது. தாய்லாந்து வளைகுடாப் பக்கமிருந்து வந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. எழுவர் உயிரிழந்தனர். தீவெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. பினாங்குக் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது.

அவ்வாண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் பூங்காவுக்குச் சென்றேன். ஓடைக்கரை அரிக்கப்பட்டு வேர்கள் வெளியே தெரிந்தன. வெட்டிய கிளைகள் வழியோரம் குவிந்து கிடந்தன. புல்வெளியின் தாழ்ந்த பகுதியில் பருமணல் படிந்திருந்தது. பணியாளர்கள் அதை மண்வெட்டியால் வழித்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டிருந்தனர். குரங்குகள் மட்டும் எதுவுமே நடவாதது போல் உலவின!

அந்த மணலைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எங்கள் ஊர் வெள்ளத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விளங்கியது. பாரிட் புந்தார் கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளி. இங்கே வெள்ளம் மெல்ல ஏறும், மெல்ல வடியும். விட்டுச் செல்வது களிமண். நீர் நாள்கணக்கில் நின்றால் வேர்களுக்குக் காற்றுக் கிடைக்காது. வெள்ளம் வடிந்தபோது பச்சையாக நின்ற மரம், மாதங்கள் கழித்து நின்றபடியே பட்டுப்போவது இதனால்தான். மலையடிவாரத்திலோ வெள்ளம் சில மணி நேரத்தில் பாய்ந்து போய்விடும். வேர் மூச்சு முட்டுவதில்லை. வேரைப் பிடித்திருக்கும் மண்ணே அடித்துச் செல்லப்படுகிறது. எனவே அங்கே மரங்களைக் காக்கும் முன் கரையைக் கட்ட வேண்டியிருக்கிறது. மலைச்சரிவில் காடு அழிந்தால் அடுத்த மழையில் அந்தக் கரையும் நில்லாது.

இவ்வளவும் ஒரே ஓரிரவின் வேலை. ஆனால் இதே பூங்காவை நிரந்தரமாகவே நீரில் மூழ்கடிக்க ஒருகாலத்தில் ஆட்சியாளர்கள் முடிவு செய்திருந்தனர் என்பது பலருக்குத் தெரியாது.

1884-இல் பழைய கருங்கல் உடைப்பு நிலம் ஒன்றில் இப்பூங்காவை உருவாக்கியவர் சார்லஸ் கர்ட்டிஸ். இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணைக்காகப் பல நாடுகளில் செடி தேடி அலைந்தவர் அவர். கல் உடைத்த பள்ளங்களையும் மேடுகளையும் சமப்படுத்தாமல், அவற்றின் போக்கிலேயே பாதைகளை வளைத்துச் சென்றார். இன்றும் பூங்காவின் அழகு அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. இரப்பர் மரத்தில் பால் எடுப்பது பற்றித் தொடக்கக் காலத்தில் ஆராய்ந்தவர்களுள் கர்ட்டிஸும் ஒருவர். பால்மரம் சீவிப் பிழைத்த நம் பாட்டன் பாட்டியரின் வாழ்க்கைக்கும் இந்தத் தோட்டத்திற்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

கர்ட்டிஸ் 1903-இல் ஓய்வு பெற்றார். ஏழே ஆண்டுகளில், 1910-இல், பூங்கா நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வளர்ந்து வந்த ஜார்ஜ்டவுனுக்குக் குடிநீர் போதவில்லை. பள்ளத்தாக்கை அணையிட்டுத் தேக்கினால் போதும் என்று கருதினர். செடிகள் அகற்றப்பட்டன. கால் நூற்றாண்டு உழைப்பு கலைந்தது. பிறகு அத்திட்டம் கைவிடப்பட்டு 1912-இல் பூங்கா நீரிணைக் குடியேற்ற அரசாங்கத்திடமே திரும்பியது. வராத வெள்ளத்திற்காக வெறுமையாக்கப்பட்ட தோட்டத்தை மீண்டும் நட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. 2017 வெள்ளத்தின் இழப்பைவிட இது பெரிது என்பேன்.

இங்கேதான் நம் கதை வருகிறது. அருவியின் அருகே முருகனுக்கு ஒரு சிறு கோவில் இருந்தது. தைப்பூசக் காவடிகள் அங்கேதான் சென்றன. அது குடிநீர் எடுக்கும் பகுதி என்பதால் கோவிலை அங்கிருந்து மாற்றும்படி ஆயிற்று. கீழே, மலைச்சரிவில் புதிய கோவில் 1915-இல் நிறைவுற்றது. அதுவே பாலதண்டாயுதபாணி ஆலயம். 2012-இல் குடமுழுக்குக் கண்ட, 513 படிகள் ஏறிச் செல்லும் இன்றைய குன்றுக் கோவில் அதன் தொடர்ச்சி. (இதனை நகரத்தார் கோவிலோடு குழப்பிக் கொள்ளக் கூடாது. வெள்ளி இரதம் சென்று தங்கும் அந்தக் கோவில் 1857-ஐச் சேர்ந்தது.)

அணை வரப்போகிறது என்று தோட்டம் கலைக்கப்பட்டது. அணை வரவில்லை, தோட்டம் திரும்பிவிட்டது. அருவிக் கோவில் திரும்பவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நகரமே குடிக்கும் நீரில் ஆயிரக்கணக்கானோர் நீராடுவது நோய்க்கு வழி என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் பெயர்க் காரணம் கூட நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது வருத்தமே.

அதே காலத்தில் எங்கள் கிரியான் மாவட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்ட மண் இது. இங்கே நெல் வயல்களுக்கு நீர் வேண்டிப் புக்கிட் மேராவில் பள்ளத்தாக்கைத் தேக்கினர். 1906-இல் பணி முடிந்தது. பினாங்கில் நின்றுபோன வேலை இங்கே முழுமையாக நடந்தது. இன்று இரயிலில் தைப்பிங் செல்வோர் அந்த ஏரியின் மீதுதான் கடக்கின்றனர்.

பினாங்குக்கு வேண்டிய அணை 1962-இல் ஆயர் ஈத்தாம் மலையில் எழுந்தது. அருவிப் பகுதி இன்னும் நீர் வழங்கல் நிறுவனத்தின் காப்பில்தான் இருக்கிறது. நினைத்தவுடன் நுழைய இயலாது. பூங்காவுக்குச் செல்பவர்கள் வாயிலருகே உள்ள நாகலிங்க மரங்களைப் பார்த்துவிட்டு, ஓடையோரமாகவே உள்ளே நடந்து செல்லுங்கள். கதவு தடுக்கும் இடத்தில் நின்று காது கொடுத்தால், மழைக்காலத்தில் அருவியின் ஓசை கேட்கும்.