ஐந்து டாலர் கச்சேரி

நம் சமுதாயக் கூடம் பிறந்தநாள், வளைகாப்பு, பொதுக்குழு என்று ஆண்டு முழுவதும் திறக்கிறது. கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகள் சாவி கேட்டால் மட்டும் தயங்குகிறோம். சத்தம் வருமே, கண்டவர்கள் கூடுவார்களே, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு? கேள்விகள் நியாயமானவைதான். இதே கேள்விகளை அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இளைஞர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

1980-இல் அங்கே ராக் கச்சேரிகள் பெரும்பாலும் மது விற்கும் கிளப்களில்தான் நடந்தன. அதனால் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வாசலிலேயே தடை. ‘டீன் ஐடில்ஸ்’ என்ற சிறுவர் குழு அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனது. அங்கிருந்த கிளப்பில் அவர்கள் புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். குறி இருந்தால் மது தரக்கூடாது என்பது ஊழியர்களுக்கு அடையாளம். ஊர் திரும்பியதும் உள்ளூர் கிளப்பிலும் இதே ஏற்பாட்டைக் கேட்டு வாங்கினார்கள். பிறகு குடிப்பழக்கம் வேண்டாம் என்ற இளைஞர்கள் அந்தக் குறியைத் தாங்களாகவே விரும்பிப் போட்டுக்கொண்டார்கள். குழு கலைந்தபோது கையிருப்புப் பணத்தில் சொந்தமாக இசைத்தட்டு வெளியிட்டார்கள். ‘டிஸ்கார்ட்’ நிறுவனம் பிறந்தது இப்படித்தான்.

அக்குழுவில் இருந்த இயன் மக்கை, பின்னர் ஜோ லாலி, பிரெண்டன் கான்டி ஆகியோருடன் ‘ஃபுகாசி’ என்ற புதிய குழுவைத் தொடங்கினார். முதல் கச்சேரி 1987 செப்டம்பர் 3 அன்று, பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய வில்சன் சென்டர் என்ற சமூக மையத்தில் நடந்தது. மூவருமே இருபதுகளில் இருந்தவர்கள். ரெகே பாணி பேஸ் கிடார், அதன்மேல் உரக்க ஒலிக்கும் கிடார், திடீரென்று ஒரு நிறுத்தம், பிறகு மீண்டும் வேகம் என்று புதுப்புது முறைகளைச் சோதித்துப் பார்த்த இசை அது. விரைவில் கீ பிச்சோட்டோ நான்காமவராகச் சேர்ந்தார்.

இசையைப் போலவே அவர்கள் வகுத்த விதிகளும் பேசப்பட்டன. நுழைவுக் கட்டணம் கூடியவரை 5 டாலருக்குள். எல்லா வயதினருக்கும் அனுமதி. முன்வரிசையில் யாராவது மற்றவர்களை இடித்துத் தள்ளினால் பாட்டை நிறுத்திவிட்டு, மேடையிலிருந்தே அவரிடம் மரியாதையாகப் பேசுவார்கள். கேட்காவிட்டால் கட்டணத்தைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். சொந்த ஊரில் பெரும்பாலும் இலவசமாகவோ, மருத்துவ உதவி போன்ற பொதுக் காரியங்களுக்கு நிதி திரட்டவோதான் வாசித்தார்கள். ஃபோர்ட் ரெனோ பூங்காவில் 1968 முதல் நடந்துவரும் இலவசக் கோடைக் கச்சேரிகளிலும் பலமுறை மேடை ஏறினார்கள்.

2003 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். அவற்றில் 800-க்கும் மேலானவற்றின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் அழைத்தும் போகவில்லை.

அந்த முதல் நாளில் இவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. மூன்று பேருக்குத் தேவைப்பட்டது ஒரு கூடமும் ஒரு மாலைப்பொழுதும்தான். நம் வளாகப் பிள்ளைகள் கேட்கும்போது நாமும் விதிகளை எழுதிக் கொடுப்போம். மது கூடாது, இரவு ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும், கூடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். அதோடு சாவியையும் கொடுப்போம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசலாமே!