பெயர் மாறிய தாடைக் கட்டிகள்

பல்லெல்லாம் முளைத்து முடிந்த பிறகும், பல்லை உருவாக்கிய திசுவின் மிச்சம் மீதி தாடைக்குள் தங்கிவிடும். பிரெஞ்சு மருத்துவர் மலாசே 1880களில் பல்வேரைச் சுற்றியுள்ள இந்த எச்சங்களை விவரித்தார். இன்றும் அவை அவர் பெயரிலேயே வழங்குகின்றன. பெரும்பாலும் சும்மா கிடக்கும். எப்போதாவது கட்டியாகும். வெகு அபூர்வமாகப் புற்றுநோயாகவும் மாறும்.

இந்த நோய்களின் வரலாறு பாதிக்குமேல் பெயர் வைத்த வரலாறுதான். பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. 'சாதாரணக் கட்டி' என்றால் சுரண்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். 'புற்று' என்றால் தாடை எலும்பின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1971ல் முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. அதைத் தொகுத்தவர்களில் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த பிண்ட்போர்க் (இந்தியாவில் நடந்த வாய்ப்புற்று ஆய்வுகளிலும் பங்கெடுத்தவர்!). அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கட்டி 1985ல் வந்து சேர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் செல்கள் உள்ளே ஒன்றுமில்லாததுபோல் வெளிறித் தெரியும். அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் அதே ஆண்டில் தனித்தனியாக அதைப் பற்றி எழுதின. ஒரு குழு 'மூர்க்கமாக வளரக்கூடிய கட்டி' என்றது. இன்னொரு குழு தலைப்பிலேயே 'புற்று' என்று போட்டுவிட்டது.

1992ல் வந்த இரண்டாம் வகைப்பாடோ அதைச் சாதாரணக் கட்டிகளின் வரிசையில் வைத்தது. சுரண்டி எடுத்த இடத்தில் அது திரும்ப வந்தது. சிலருக்குக் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் பரவியது. 2005ல்தான் பெயர் 'தெளிசெல் பல்திசுப் புற்று' என்று மாறியது. தலைப்பிலேயே சரியாகச் சொன்னவர்களுக்கு இருபது வருடக் காத்திருப்பு! 2013ல் இந்தப் புற்றில் EWSR1 என்ற மரபணு உடைந்து வேறொன்றுடன் ஒட்டிக்கொண்டிருப்பது கண்டறியப்பட்டது. நோயை உறுதிசெய்ய இப்போது அதையும் சோதிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை அமெலோபிளாஸ்டோமாவுடையது. பல் எனாமலை உருவாக்கும் செல்களைப் போன்ற செல்களால் ஆன, மெதுவாக வளரும் கட்டி இது. மிகச் சிலருக்கு, தாடையில் அறுவை முடிந்து பல வருடம் கழித்து நுரையீரலில் முளைக்கும். பரவுவதால் 2005ல் இதைப் புற்று வரிசையில் வைத்தார்கள். 2017ல் திரும்பவும் சாதாரணக் கட்டிகளின் பக்கமே கொண்டுவந்து சேர்த்தார்கள். காரணம், நுரையீரலில் எடுத்த துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் தாடையில் இருந்த அதே சாதுவான செல்கள்தான் தெரிகின்றன.