ஏ/எல்

தாத்தாவின் பழைய அடையாள அட்டையில் அவர் பெயருக்கும் அவருடைய அப்பா பெயருக்கும் நடுவில் 'எஸ்/ஓ' என்று இருக்கும். என் அப்பாவின் அட்டையில் அதே இடத்தில் 'ஏ/எல்'. சின்ன வயதில் இதைப் பற்றி தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "அது வெள்ளக்காரன் காலத்துல போட்டது, இது மலாய்ல போட்டது. நாம போட்டது ஒண்ணும் இல்லடா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதே வழக்கம். ஆனால் ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி இருந்தால் கிராணி செக்ரோலில் எப்படிப் பிரித்து எழுதுவார்? இன்னார் மகன், இன்னார் மகள் என்று எழுதியாக வேண்டும். ஆங்கிலத்தில் 'சன் ஆஃப்', 'டாட்டர் ஆஃப்' என்பவை எஸ்/ஓ, டி/ஓ என்று சுருங்கின. 1948இல் அவசரகாலம் வந்து, 12 வயதைக் கடந்த எல்லோரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று ஆனபோது, அந்தச் சுருக்கங்கள் சட்டைப் பைக்கும் வந்தன. 1967இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. அலுவலகங்கள் மெல்ல மெல்ல மலாய்க்கு மாற, 'அனாக் லெலாக்கி' ஏ/எல் ஆகவும், 'அனாக் பெரெம்புவான்' ஏ/பி ஆகவும் நிலைத்தன.

இது இந்தியர்களுக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இதே கெடாவில் வாழும் சயாமியர் பெயர்களிலும் ஏ/எல், ஏ/பி உண்டு. சரவாக்கின் இபான் மக்கள் ஆணோ பெண்ணோ 'அனாக்' என்று மட்டும் எழுதுவார்கள். மலாய்க்காரர்களுக்கு அரபியிலிருந்து வந்த பின், பிந்தி. அர்த்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

எல்லை தாண்டினால் அர்த்தம் மாறிவிடுகிறது. பயணச்சீட்டில் சாய்கோடு விழுந்து என் பெயர் நடுவில் 'அல்' என்று நிற்க, வெளிநாட்டு விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என்னை அரபி வம்சமா என்று விசாரித்தார். அரபியில் 'அல்' என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சுட்டு. யாழ்ப்பாணத்து நண்பருக்கு ஏ.எல். என்றால் உயர்தரப் பரீட்சை. "ஏ.எல். எந்த வருஷம் எடுத்தனீங்கள்?" என்று அவர் கேட்டபோது நான் முழித்தேன். சென்னையில் ஏ.எல். என்றதும் ஒரு காலத்தில் ஏ.எல். முதலியாரைத்தான் நினைத்திருப்பார்கள். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆர்க்காடு லட்சுமணசாமி முதலியார். அங்கே 'ஏ' அப்பா அல்ல, ஊர்.

ஊரைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டுவது எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பழைய கடாரத்தின் கதையில் தவறாமல் வரும் ஒரு கல்வெட்டை, 1834இல் ஜேம்ஸ் லோ தெற்கே செபராங் பிறையில் கண்டெடுத்தார். இப்போது அது கொல்கத்தாவில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் கல், புத்தகுப்தன் என்ற பெருங்கப்பலோட்டியைச் சொல்கிறது; அவன் ரக்தமிருத்திகா என்ற ஊரில் வசிப்பவன் என்கிறது. இன்னாரின் மகன் என்று சொல்லவில்லை. ஊரும் தொழிலும் போதுமாக இருந்திருக்கின்றன.

இன்று போதாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் லயத்தில் இருந்த அக்கா ஒருவர் பேரனின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவந்து, "படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். மகளுக்குக் கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதியவில்லை. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே அல்ல. அப்படிப் பிறந்த பிள்ளையின் பத்திரத்தில், இருவரும் சேர்ந்து கேட்டால்தான் அப்பா பெயர் ஏறும். இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 'தகவல் கிடைக்கவில்லை' என்று மலாயில் வரும். குடியுரிமையும் அம்மாவை வைத்தே பார்க்கப்படும். அம்மாவிடமே தாள் இல்லையென்றால் பிள்ளையின் பாடு திண்டாட்டம்தான்.

அக்காவின் மகளிடம் நீல அட்டை இருந்தது. அதனால் பேரனுக்குக் குடியுரிமைச் சிக்கல் வரவில்லை. ஆனால் அக்காவின் கவலை வேறு. "பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிடறப்ப எல்லாப் பயலுக்கும் ஏ/எல் இருக்கும், இவனுக்கு மட்டும் இருக்காதே. அப்பன் லயத்துலதான உக்காந்திருக்கான்!" என்றார்.

கிராணியின் வசதிக்காக வந்த குறியை நானும் அதுவரை விளையாட்டாகத்தான் பார்த்தேன். அரபி கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று மறுபடி என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டெழுத்துக்குப் பின்னால் என் அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கிறது. அடுத்த வாரம் அக்காவின் மகளையும் மருமகனையும் சுங்கைப் பட்டாணிக்குக் காரில் கூட்டிப்போனேன், திருமணத்தைப் பதிய என்ன வேண்டும் என்று விசாரிக்க.