பந்து கிடைச்சிரும், மைதானம்?

வியாசர்பாடியை 'குட்டி பிரேசில்' என்று எழுதாத பத்திரிகை குறைவு. அந்தப் பட்டப்பெயர் எனக்கு அலுத்துப்போச்சு. பிரேசில் என்று சொன்னதும் திறமை மண்ணிலிருந்து தானா முளைச்ச மாதிரி ஆயிடுது. யார் உழைச்சாங்க, யார் காசு போட்டாங்க என்று கேட்கவே தோணாது.

பக்கத்திலிருந்த பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆலையையும் ரயில்வேயையும் நம்பி வளர்ந்த பகுதி அது. அடுத்த சில வருஷங்களில் உமாபதி, தங்கராஜ் என்ற சகோதரர்கள் முல்லை நகர் மைதானத்தில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். கட்டணம் கிடையாது. ஆட்டத்தோடு டியூஷனும் உண்டு. கிட்டத்தட்ட அதே காலத்தில், 2001இல், நாக்பூரில் விஜய் பார்சே என்ற விளையாட்டு ஆசிரியர், மழையில் உடைந்த பக்கெட்டை உதைத்து ஆடிய பையன்களுக்குப் பந்து கொடுத்தார். அது 'ஸ்லம் சாக்கர்' ஆனது. அந்தக் கதைதான் 2022இல் 'ஜுண்ட்' என்ற இந்திப் படம்.

இதெல்லாம் புதுசு இல்லை. அமெரிக்கரான ஹாரி பக் 1920இலேயே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். ஊர் ஊராகப் போன டிரில் மாஸ்டர்கள் பலர் அங்கே படித்தவர்கள். பக் செய்ததில் பெரிய காரியம் எது என்றால், நந்தனத்தில் இன்றும் பரந்து கிடக்கிற அந்த வளாகத்தைத்தான் சொல்வேன். அன்றைக்கு ஒரு தொண்டு நிறுவனத்தால் நகரத்தை ஒட்டி அவ்வளவு நிலம் பிடிக்க முடிந்தது. இன்றைக்கு எந்தக் கொடையாளி சென்னையில் மைதானம் வாங்கிக் கொடுப்பார்? பந்து, பூட்ஸ், ஜெர்சி தருவார்கள், படமும் எடுத்துக்கொள்வார்கள். தரை அரசாங்கத்துடையது.

அதனால்தான் 2024 அக்டோபரில் அவ்வளவு கோபம். செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைக்க மாநகராட்சி தீர்மானம் போட்டது. வியாசர்பாடியும் அதில் ஒன்று. ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் பயிற்சி என்றால் ஒரு பிள்ளைக்கு 6,240 ரூபாய் ஆகுது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஆடினால்? சகோதரர்கள் மாதிரி ஆட்கள் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தாலும், கேட்டில் நிற்பவர் ரசீது கேட்பாரே.

எதிர்ப்பு வலுத்ததும் சில நாளிலேயே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள்.