கருணாபுரம் 2024: விஷச்சாராய மரணங்கள் நோயா, காயமா?

கள்ளக்குறிச்சி நகரின் ஒரு பகுதி கருணாபுரம். 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இங்கும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் உயிரிழந்தனர் என்றாலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குச் சென்ற ஆண்கள். இந்த நிகழ்வைப் பற்றிய விவாதங்களில் அரசியலும் காவல்துறையும் அதிகம் பேசப்பட்டன. அவற்றுக்கு அடியில் ஒரு மருத்துவக் கேள்வி இருந்தது. இவர்களைக் கொன்றது நோயா, அல்லது வெளியிலிருந்து உடலில் ஏற்படுத்தப்பட்ட காயமா? இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. சிகிச்சை, வழக்கு, இழப்பீடு மூன்றும் இதற்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன.

முதல் நாளின் குழப்பம்

ஜூன் 18 இரவிலும் 19 காலையிலும் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, பார்வை மங்கல் ஆகியவற்றோடு பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பார்வைக் கோளாறைத் தவிர மற்ற அறிகுறிகள் சாதாரண வயிற்று உபாதையிலும் வருபவை. முதல் சில இறப்புகளுக்குக் கள்ளச்சாராயம் காரணம் அல்ல என்று மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் கூறியது. வேறு உடல்நலக் காரணங்களும் சொல்லப்பட்டன. முதலில் இறந்த ஒருவரின் சாவு வீட்டுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாக அன்றைய செய்திகள் தெரிவித்தன.

ஒரு மரணம் 'நோய்' என்று புரிந்துகொள்ளப்படும்போது அது இறந்தவரோடு முடிந்துவிடுகிறது. 'நஞ்சு' என்று அறியப்பட்டால், அதே பாக்கெட்டை வாங்கியவர்கள் யார், இன்னும் எங்கே விற்கப்படுகிறது என்ற கேள்விகள் உடனே எழும். இந்தச் சில மணி நேர வேறுபாடு கருணாபுரத்தில் உயிர்களோடு தொடர்புடையதாக இருந்தது. பின்னர் மாவட்ட ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

மெத்தனால் உடலில் செய்வது

சாராயத்திலும் பிற மதுவகைகளிலும் இருப்பது எத்தனால். மெத்தனால் என்பது சாயம், வார்னிஷ், கரைப்பான் முதலிய தொழில்களில் பயன்படும் வேறொரு ஆல்கஹால். நிறத்திலும் மணத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் குடிப்பவரால் பிரித்தறிய முடியாது.

மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள நொதிகள் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. இந்த அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்ததற்கும் கடும் அறிகுறிகள் தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எத்தனாலும் சேர்ந்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். ஏனெனில் அதே நொதிகள் எத்தனாலையே முதலில் எடுத்துக்கொள்கின்றன.

இந்த இடைவெளிதான் குழப்பத்தின் வேர். வெட்டுக்காயத்தில் கத்தியும் ரத்தமும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. மெத்தனாலில் காயம் முந்தைய நாள் நடந்து, அதன் விளைவு மறுநாள் நோயின் உருவத்தில் வருகிறது. சிகிச்சையும் இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டதே. நொதியைத் தடுக்க எத்தனால் அல்லது ஃபோமெபிசோல், அமிலத்தைச் சமன்செய்ய பைகார்பனேட், நஞ்சை அகற்ற டயாலிசிஸ் ஆகியவை தரப்படுகின்றன. காலம் கடந்தால் உயிர் பிழைத்தவருக்கும் பார்வை திரும்பாமல் போகலாம்.

வகைப்பாட்டின் வரலாறு

இறப்புக் காரணங்களைப் பட்டியலிடும் பன்னாட்டு முறையை 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்தியோன் உருவாக்கினார். இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் தொடக்கம் அதுவே. அதன் பத்தாவது பதிப்பு, குடியைச் சார்ந்த பாதிப்புகளை இரு வேறு இடங்களில் வைக்கிறது. மதுவுக்கு அடிமையாதல் மனநல, நடத்தைக் கோளாறுகளின் அத்தியாயத்தில் எஃப் 10 என்ற குறியீட்டில் வருகிறது. மெத்தனாலின் நச்சு விளைவு, காயங்களும் நஞ்சூட்டலும் அடங்கிய அத்தியாயத்தில் டி 51.1 என்ற குறியீட்டில் வருகிறது. ஆக, நோய்களின் பட்டியல் என்று பெயர் பெற்ற நூலே விஷச்சாராயத்தைக் காயங்களோடுதான் சேர்த்திருக்கிறது.

குடிப்பழக்கம் நோயாகக் கருதப்பட்டதற்கும் நீண்ட வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அதை ஒரு நோயாக விவரித்தார். 1849-இல் சுவீடன் மருத்துவர் மாக்னஸ் ஹஸ் நாள்பட்ட மதுநோய் என்ற கருத்தை முன்வைத்தார். 1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை மருத்துவச் சிகிச்சைக்குரிய நோய் என ஏற்றது. 'குடிகாரன்' என்ற வசையிலிருந்து 'நோயாளி' என்ற இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்தது இந்தப் பார்வையின் நன்மை.

ஆனால் விஷச்சாராய நிகழ்வுகளில் இதே பார்வை தவறான இடத்தில் பொருத்தப்படுவதுண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 25 பேர் மது அருந்துகின்றனர்; பெண்களில் ஒருவருக்கும் குறைவு. எனவே குடியால் வரும் கேடு ஆண்களின் உடல்நலப் பிரச்சினையாகவே பார்க்கப்படுகிறது. 'குடித்தான், செத்தான்' என்ற முடிவும் எளிதில் வந்துவிடுகிறது. பல ஆண்டுக் குடியால் கல்லீரல் கெட்டு இறப்பவரும், ஒரே இரவில் மெத்தனாலால் இறப்பவரும் ஒரே வகையினர் அல்லர். முன்னவர் குடித்தது அவர் குடிக்க நினைத்த பொருள். பின்னவருக்கு அந்தப் பெயரில் வேறொரு பொருள் விற்கப்பட்டது.

சட்டம் சொல்வது

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தக் கேள்விக்கு வியப்பான ஒரு விடையைத் தந்திருந்தது. அதன் 319-ஆம் பிரிவு, ஒருவருக்கு உடல்வலியையோ நோயையோ தளர்ச்சியையோ உண்டாக்குவதை 'காயம் விளைவித்தல்' என்று வரையறுத்தது. நோயும் காயமும் அங்கு எதிரெதிரானவை அல்ல. பிறரால் உண்டாக்கப்பட்ட நோயே ஒரு காயம். கண்பார்வையை நிரந்தரமாக இழக்கச் செய்வது 320-ஆம் பிரிவில் கொடுங்காயமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. நஞ்சு கொடுத்துக் காயம் விளைவிப்பதற்கு 328-ஆம் பிரிவு தனியே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் காயத்தின் வரையறை இதே பொருளில் தொடர்கிறது.

இழப்பீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது, தாமாகக் குடித்தவர்களுக்கு எதற்கு நிதி என்ற எதிர்ப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. குடியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த எதிர்ப்பு நியாயமாகத் தோன்றும். நஞ்சு விற்கப்பட்டதையும் அதைத் தடுக்க வேண்டியவர்கள் தடுக்காததையும் பார்ப்பவருக்கு, குடும்பங்கள் பாதிக்கப்பட்டவர்களாகத் தெரிவர். வழக்கு முதலில் சிபிசிஐடி-யிடமும், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற ஆணைப்படி சிபிஐ-யிடமும் ஒப்படைக்கப்பட்டது.

கள்ளச்சாராயமும் விஷச்சாராயமும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையில் வெல்லம், கடுக்காய், மரப்பட்டை முதலியவற்றை ஊறவைத்துச் சாராயம் காய்ச்சுவது நெடுநாளாக நடந்து வருகிறது. 'ஊறல் அழிப்பு' என்ற செய்தி இப்பகுதி நாளிதழ்களில் வழக்கமானது. இது சட்டவிரோதமானது, உடலுக்குக் கேடானது. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் காரணம் இதே மெத்தனால்தான்.

'கள்ளச்சாராயம்' என்ற சொல் பொருள் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதைச் சொல்கிறது. 'விஷச்சாராயம்' என்ற சொல் அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறது. முதல் சொல் மலையில் இருக்கும் பானையை நோக்கிக் கைகாட்டும். இரண்டாவது, மெத்தனால் எந்தக் கிடங்கிலிருந்து, யார் கை வழியாக வெளியேறியது என்று கேட்க வைக்கும்.

முடிவுரை

குடிக்கு அடிமையாதல் நோய். அதற்கு வேண்டியது சிகிச்சை. மெத்தனால் குடிக்க நேர்ந்தது காயம். அதற்கு வேண்டியவை உடனடி மருத்துவமும் குற்ற விசாரணையும். பிழைத்தவரின் பார்வையிழப்பு ஊனம். அதற்கு வேண்டியவை ஊனமுற்றோருக்கான உரிமைகள். ஒரே மனிதரிடம் இம்மூன்றும் அடுத்தடுத்து நிகழலாம். ஒன்றின் பெயரால் மற்றொன்றை மறைக்காமல் இருப்பதே இங்கு முக்கியம். அடுத்த முறை ஒரு தெருவில் இரண்டு பேர் வாந்தியோடும் மங்கிய பார்வையோடும் விழுந்தால், 'என்ன நோய்' என்பதற்கு முன் 'என்ன குடித்தார்கள், எங்கே வாங்கினார்கள்' என்று கேட்க வேண்டும். கருணாபுரம் கற்றுத்தந்த பாடம் அதுவே.